உவர் வயலுக்கு எந்த நெல்?

மலேசியாவின் பினாங்கில், பெனாகாவில் வயலோரம் குடியிருக்கும் என் மாமா 2004 ஆழிப்பேரலையை இன்னும் மறக்கவில்லை. கோலா மூடா கரையில் கடல் ஏறி வந்த அந்த டிசம்பருக்குப் பிறகு, "மரபணுவை மாற்றி உப்பில் விளையும் பயிரை உண்டாக்கிவிட்டார்களாமே, அந்த நெல் நமக்கு எப்போது வரும்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். அவர் கேட்பது ஒரு வழியை. என் கண்ணில் மூன்று வழிகள் தெரிகின்றன.

பெயர் பெற்றது மரபணு மாற்றம்தான். 2001-இல் வெளியான தக்காளி ஆய்வு உண்மையிலேயே வியப்பூட்டியது. சோடியத்தைச் செல்லின் நுண்குமிழுக்குள் தள்ளி அடைக்கும் மரபணு ஒன்றை அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். லிட்டருக்குச் சுமார் 12 கிராம் உப்புள்ள நீரிலும் செடி காய்த்தது. உப்பு இலையில் தங்கியது, பழத்தில் ஏறவில்லை. ஆனாலும் அந்தத் தக்காளி இன்றுவரை நம் சந்தைக்கு வரவில்லை. ஆய்வுக்கூடத் தொட்டியில் உப்பின் அளவு மாறாது. வயலிலோ மழைக்குக் குறையும், வெயிலுக்கு ஏறும், வரப்புக்கு வரப்பு வேறுபடும். மலேசியாவில் 2007-ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டத்தின் அனுமதியும் வேண்டும்.

என் மனம் சாய்வது கலப்பின வழியின் பக்கம். கேரளக் கடலோரத்தின் பொக்காளி நெல் உவர் நீரிலேயே வளர்ந்து பழகியது. அதன் முதல் குரோமோசோமில் 'சால்டால்' என்ற பகுதி இருக்கிறது. வேரிலிருந்து தண்ணீரோடு ஏறும் சோடியம் இலையைச் சேராமல் தடுக்க அது உதவுகிறது. பொக்காளி உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும், விளைச்சலும் குறைவு. அதனால் நல்ல ரகத்தோடு மீண்டும் மீண்டும் கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் இலைத் துணுக்கின் டி.என்.ஏ.வைப் பார்த்து, சால்டால் உள்ள நாற்றை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். வருடக்கணக்கில் பொறுமை வேண்டும். நாம் வீட்டில் வடிக்கும் பொன்னியும் இப்படிக் கலந்து பிறந்ததுதான்: தைவானின் தைச்சுங் 65, மலாயாவின் மாயாங் எபோஸ் 80. கோதுமையிலும் இதற்குச் சான்று உண்டு. பழைய உறவுக் கோதுமையின் மரபணுவைக் கலப்பின் மூலம் ஏற்றிய துரும் கோதுமை, ஆஸ்திரேலியாவின் உவர் வயலில் 25 சதவீதம் வரை கூடுதலாக விளைந்ததை 2012-இல் வெளியிட்டார்கள். தொட்டியில் அல்ல, வயலில்.

மூன்றாவது மரபணுத் திருத்தம். வெளி மரபணு எதையும் சேர்க்காமல், நெல்லின் தாங்கும் திறனை அடக்கிவைக்கும் சொந்த மரபணுவையே முடக்குகிறார்கள். இந்தியா 2025 மே மாதம் அறிவித்த 'பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1' என்ற நெல் ரகம் இந்த வகை. கலப்பினத்தைவிட விரைவானது. விவசாயிகளின் கையில் அது பல பருவம் காண வேண்டும்.

ஒரு குறையை மறைக்க மாட்டேன். சால்டால் முக்கியமாகக் காப்பது நாற்றுப் பருவத்தை. நெல் உப்புக்கு மறுபடியும் நலிவது பூக்கும்போது. அப்போது மகரந்தம் கெட்டால் கதிர் முழுக்கப் பதர்தான். "உப்பைத் தாங்கும் விதை என்று யாராவது கொண்டுவந்தால், பூக்கும் பருவத்தில் சோதித்தார்களா என்று முதலில் கேளுங்கள், மாமா" என்று சொல்லியிருக்கிறேன்.