ஒழுகலுக்கு மருந்து சிலிக்கான் இல்லை: யுபிவிசி ஜன்னல், இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு

மர ஜன்னல்களைப் பெயர்த்துவிட்டு யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) சட்டத்தில் பக்கவாட்டில் தள்ளும் ஸ்லைடிங் ஜன்னல் போட்டாயிற்று. ஒழுகுகிறதா, அதே ஆளிடம் கொடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒழுகியது. இப்போது நின்றுவிட்டது. ஆனால் நிறுத்தியது காண்ட்ராக்டர் இல்லை. அவர் ஆள் வந்துபோன ஒவ்வொரு தடவையும் ஒழுகல் கூடியதுதான் மிச்சம். ஏன் கூடியது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கண்ணாடிக் கதவு ஓடும் டிராக் இரண்டா இரண்டரையா, சட்டத்துக்கு எந்த புரொஃபைல் (யுபிவிசி குழல்) என்ற அடிப்படைகளெல்லாம் விசாரித்து முடித்தவர்களுக்கான பதிவு இது.

முதலில் ஜன்னலுக்கு உரிய நியாயம். புரொஃபைல் மஞ்சளாகவில்லை. மூலை வெல்டிங் எங்கும் விடவில்லை. 5 மி.மீ. டஃபன்டு (சூடேற்றிக் கடினமாக்கிய) கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ, சட்டமும் அதற்குள் பலத்துக்காக இருக்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியும் சேர்ந்தால் ஒரு ஷட்டர், அதாவது தள்ளும் கதவு, இருபது கிலோவை ஒட்டி வரும். அதை இன்றைக்கும் இரண்டு விரலால் தள்ளலாம், டிராக்கில் மண் இல்லாமல் வைத்திருந்தால். எதிர்பாராத சந்தோஷம் தூசி விஷயத்தில். ஷட்டரைச் சுற்றி ஓடும் பிரஷ் பட்டை ஒழுங்காகப் படிந்திருந்தால் மேஜை மேல் படியும் மண் பாதிக்குப் பாதி குறைகிறது. சத்தம் அந்த அளவுக்குக் குறையாது. கதவு போலத் திறந்து, ரப்பரை நசுக்கி மூடும் கேஸ்மென்ட் ஜன்னல் போல ஸ்லைடிங் அடைத்துக்கொள்ளாது. பிரஷ் வழியாகக் காற்று போகுமானால் சத்தமும் போகும். விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

இனி கோபத்துக்கு வருகிறேன்.

ஸ்லைடிங் ஜன்னல் தண்ணீரை முழுக்க வெளியே நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. சாரல் அடித்தால் கீழ் டிராக்குக்குள் தண்ணீர் வரத்தான் செய்யும். வந்த தண்ணீர் டிராக்கின் அடியில் உள்ள துளை வழியாக ஃபிரேமின் முன்பக்க அறைக்குள் இறங்கி, ஃபிரேமின் வெளி முகத்தில் இருக்கும் நீள் துளை வழியாக வெளியேற வேண்டும். பொதுவாக 5 மி.மீ. உயரம், 25 முதல் 30 மி.மீ. நீளம். உள் துளையும் வெளித் துளையும் நேருக்கு நேர் இருக்கக் கூடாது. கொஞ்சம் தள்ளி இருந்தால்தான் காற்று நேராகப் புகுந்து தண்ணீரைத் திருப்பித் தள்ளாது. ஒழுகாமல் இருப்பதற்கு முழுப் பொறுப்பும் இந்த வடிகால் பாதையுடையது. இடுக்கை அடைக்கும் பசையான சிலிக்கானுக்கு இதில் பங்கு மிகக் குறைவு.

காற்றோடு மழை வரும்போது மட்டும் ஒழுகுகிறது என்று பலர் சொல்வதற்குக் காரணமும் இங்கேதான். மணிக்கு 36 கி.மீ. காற்று கண்ணாடி மேல் சுமார் 60 பாஸ்கல் அழுத்தம் தரும். அது 6 மி.மீ. உயரத் தண்ணீரைத் தாங்கி நிறுத்தப் போதும். 72 கி.மீ. காற்றென்றால் வேகம் இரண்டு மடங்கு, அழுத்தம் நான்கு மடங்கு: சுமார் 240 பாஸ்கல், கிட்டத்தட்ட 24 மி.மீ. தண்ணீர். அதாவது வடிகால் சரியாகவே இருந்தாலும், அந்தக் காற்று அடிக்கிறவரை டிராக்கில் 24 மி.மீ. தண்ணீர் நிற்கலாம். டிராக்கின் உள்பக்க விளிம்பு அதைவிட உயரமாக இருந்தால் காற்று ஓய்ந்ததும் தண்ணீர் தானாக வடியும். விளிம்பு குட்டையாக இருந்தாலோ, துளை அடைபட்டு முன்பே பாதித் தண்ணீர் நின்றாலோ வழிந்து அறைக்குள் வரும். புரொஃபைல் பார்க்கப் போகும்போது நிறத்தைப் பார்க்கும் நேரத்தில் ஸ்கேலை வைத்து இந்த விளிம்பை அளந்துவிடுங்கள்.

நம் காண்ட்ராக்டரின் ஆள் என்ன செய்தார்? ஃபிரேமுக்கும் அதன் அடியில் உள்ள கிரானைட் பலகைக்கும் நடுவில் வெளிப்பக்கம் சிலிக்கான் இழுத்தபோது, கை தாராளமாகி வெளித் துளைகளின் மேலேயும் பூசிவிட்டார். முதல் மழையில் தண்ணீர் உள்ளே வந்தது. புகார் சொன்னதும் சிலிக்கான் கன்னோடு வந்து, "சார், இன்னொரு கோட் அடிச்சுட்டா நின்னுடும்" என்று மிச்சமிருந்த துளையையும் சேர்த்து அடைத்தார். குளியலறை வடிகாலில் துணியைச் சுருட்டி வைத்துவிட்டு வாசற்படியை உயர்த்தும் வேலை இது. அடுத்த மழையில் டிராக் தொட்டியாகிவிட்டது. மறுபடி போன் செய்தால் மறுபடி சிலிக்கான். அவரிடம் அதைத் தவிர வேறு கருவியே இல்லையோ என்று சந்தேகம் வந்தது.

சிலிக்கானைச் சுரண்டி எடுத்தபிறகுதான் அடுத்தது தெரிந்தது. ஒரு ஜன்னலில் வெளித் துளை இருக்கிறது, உள் துளையே போடவில்லை. பட்டறையில் ஒரு பக்கம் துளை வெட்டும் ரூட்டரை ஓட்டி, மறுபக்கம் திருப்பிப் போட மறந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. டிராக்கில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் மட்டும்தான் தெரியும்: ஊற்றியது அப்படியே நிற்கும்.

இன்னொரு ஜன்னலில் தண்ணீர் இறங்கியது, ஆனால் பழுப்பு நிறமாக வந்தது. வெளித் துளையின் கீழே துருக்கோடு. இதைக் கண்டால் அசட்டையாக விடாதீர்கள். ஃபிரேமைச் சுவரில் இறுக்கும் ஸ்க்ரூவைக் கீழ் டிராக்கின் நடுவில், தண்ணீர் நிற்கும் இடத்திலேயே முடுக்கியிருக்கிறார்கள். தலைக்கு மேல் மூடியும் இல்லை, இடுக்கை அடைக்கும் சீலன்ட் பசையும் இல்லை. தண்ணீர் ஸ்க்ரூவோடு இறங்கி உள்ளே உள்ள கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, அங்கிருந்து சுவருக்குள் போகும். ஜன்னலுக்குக் கீழே பெயின்ட் உப்பிப் பொருக்காக உதிர்ந்தால் பாதி நேரம் இதுதான் காரணம்; பெயின்டரைக் கூப்பிட்டுப் பயனில்லை. கீழ்ப்பக்கம் துளையிடுவதைக் கூடியவரை தவிர்த்து, பக்கவாட்டில்தான் ஃபாஸ்னர் அடிக்க வேண்டும்: மூலையிலிருந்து 150 முதல் 250 மி.மீ. தள்ளி முதல் ஸ்க்ரூ, அதன்பின் 600 மி.மீ.க்கு மிகாத இடைவெளி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பேக்கர் (ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவில் செருகும் துண்டு). கீழே அடித்தே ஆகவேண்டுமென்றால் துளைக்குள் சீலன்ட் விட்டு முடுக்கி, தலையையும் மூட வேண்டும்.

அளவு எடுத்ததே கோணல்தான். பழைய மரச்சட்டத்தையே காண்ட்ராக்டர் அளந்துகொண்டு போனார். மரச்சட்டம் ஹோல்ட்ஃபாஸ்ட் என்னும் இரும்புப் பிடியோடு சுவருக்குள் பதிந்திருக்கும். பெயர்க்கும்போது பூச்சும் செங்கல் ஓரமும் கூடவே வரும். பெயர்த்து, ஓரம் பூசி, காய்ந்தபிறகு அளப்பதே முறை. அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும் உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடத்திலும் அளந்து, இருப்பதிலேயே சிறியதை எடுத்து, ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 5 மி.மீ. விட வேண்டும். மூலைவிட்டம் இரண்டையும் சரிபார்க்க வேண்டும். இந்த 5 மி.மீ. வீணில்லை. யுபிவிசி மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறக்குறைய 0.07 மி.மீ. நீளும். ஒன்றரை மீட்டர் ஃபிரேம் 30 டிகிரி சூடேறினால் 3 மி.மீ. நீளம் கூடும். இடமில்லாவிட்டால் வளையும்.

நம்முடையதில் ஒரு பக்கம் இடுக்கே இல்லை, எதிர்ப்பக்கம் விரல் நுழையும் அளவு. அந்தப் பெரிய இடுக்கில் பியு ஃபோமை (பாலியூரிதேன் நுரை) ஒரே மூச்சில் நிரப்பிவிட்டார்கள். ஃபோம் காயும்போது உப்பும். குறுக்கே முட்டுக் கொடுக்காமல் நிரப்பினால் ஃபிரேமின் பக்கக் கம்பத்தை உள்ளே தள்ளிவிடும். மேலும் கீழும் சரியாக மூடுகிற ஷட்டர் நடு உயரத்தில் மட்டும் ஃபிரேமில் இடித்தால், டேப்பை எடுத்து நடு அகலத்தையும் கீழ் அகலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். "ரோலர் செட் ஆகணும் சார்" என்பதை நம்ப வேண்டாம். இன்னொன்று: ஃபோம் தண்ணீரைத் தடுக்கும் பொருள் இல்லை, வெயிலும் ஆகாது. வெளியே பிதுங்கியதை அப்படியே விட்டால் பழுப்பேறிப் பொடியாக உதிரும். காய்ந்ததும் பிளேடால் உள்வாங்க வெட்டி, மேலே சீலன்ட் கொடுக்க வேண்டும்.

காண்ட்ராக்டரின் ஆள் அடித்த சிலிக்கானும் தவறான ரகம். அடிக்கும்போது வினிகர் வாடை வந்தால் அது அசிட்டிக் ரகம். சிமென்ட் பூச்சிலும் கல்லிலும் சரியாகப் பிடிக்காது, சில மாதத்தில் பட்டையாக உரிந்து வரும். சுவர் ஓரத்துக்கு நியூட்ரல் ரகம் வேண்டும். தூசியைத் துடைத்து, இடுக்குக்குள் ஃபோம் கயிறு வைத்து, அகலத்தில் பாதி ஆழம் நிற்கும்படி இழுத்தால் போதும். சிலிக்கான் மேல் பெயின்ட் நிற்காது என்பதால் பெயின்ட் வேலையை முன்பே முடித்துவிட வேண்டும்.

விட்டுப்போன துண்டுகளையும் சொல்லிவிடுகிறேன், எல்லாமே மொத்த பில்லில் தூசுக்குச் சமம். இரண்டு ஷட்டரும் சந்திக்கும் இடத்தில் டிராக்கின் மேலும் கீழும் உட்காரும் சீலிங் பிளாக். இரண்டு ஷட்டரும் நடுவில் கோத்துக்கொள்ளும் இன்டர்லாக்கின் முனையை மூடும் கேப். வெளித் துளைக்கு மேல் மாட்டும் மூடி. இவை இல்லாத ஜன்னலில் காற்று விசிலடிக்கும், பூச்சி வரும். நான்காவதுதான் ஆபத்து: ஷட்டரை மேலே தூக்கிக் கழற்ற முடியாதபடி மேல் டிராக்கில் வைக்கும் ஆன்ட்டி லிஃப்ட் துண்டு. அது இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஷட்டரைத் தூக்கி எடுத்துவிடலாம். மாடி வீட்டில் கழுவும்போது கை தவறினால் இருபது கிலோ கீழே போகும். இதைக்கூடவா மறப்பார்கள்?

சரிசெய்த முறை சிக்கலில்லை. வெளித் துளைகளில் இருந்த சிலிக்கானைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்தோம். இரும்பு பிளேடு புரொஃபைலில் கோடு போடும். ஷட்டர்களைக் கழற்றி, உள் துளை இல்லாத இடத்தில் 5 மி.மீ. டிரில்லால் இரண்டு துளை போட்டு நடுவை இணைத்து நீள் துளையாக்கினோம். டிரில் முன் அறையோடு நிற்க வேண்டும். கம்பி இருக்கும் அறையைத் தொட்டால் புதுத் தலைவலி. துகளை வேக்குவம் வைத்து உறிஞ்சாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். துருப்பிடித்த ஸ்க்ரூவைக் கழற்றி ஸ்டெயின்லெஸ் போட்டு நியூட்ரல் சீலன்டால் மூடியாயிற்று. பிறகு டிராக்கில் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, வெளியே ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு மட்டத்திலும் சில நிமிடம் நிறுத்தி நனைத்துப் பார்த்தோம். மேலிருந்து ஆரம்பித்தால் எங்கே ஒழுகுகிறது என்றே தெரியாது. எல்லாம் ஓடிக் கீழே வந்துவிடும்.

பத்து வருட வாரன்ட்டி இருக்கிறதே என்பீர்கள். கையில் இருக்கும் தாளை வாசித்தால், அந்தப் பத்து வருடம் புரொஃபைல் நிறம் மாறுவதற்கு. ரோலர், லாக் ஒரு வருடம். கண்ணாடி உடைந்தால் இல்லை. மாட்டிய வேலைக்கு ஒரு வரியும் இல்லை. ஒழுகலோ பெரும்பாலும் மாட்டிய வேலையால் வந்தது. கொட்டேஷன் வாங்கும்போதே அந்த ஒரு வரியை எழுதி வாங்கி, கடைசிப் பத்து சதவீதத்தை ஹோஸ் பைப் சோதனை முடிந்தபிறகுதான் தருவேன் என்று பேசிவிடுங்கள். முகம் சுளிக்கிறவரை அங்கேயே விட்டுவிடலாம்.

ஆக, ஜன்னல் நன்றாக ஓடுகிறது, தூசி குறைந்திருக்கிறது, ஒழுகலும் நின்றுவிட்டது. இருந்தும் ஐந்துக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. மார்க்கை மாட்டிய கையோடு சேர்த்துத்தான் போட முடியும். கடையில் யுபிவிசி ஜன்னலைத் தனியாக வாங்கி யாரும் ஆணியில் தொங்கவிடுவதில்லை. வேறு நல்ல ஃபிட்டர் கிடைத்தால் இதே புரொஃபைலையே மறுபடி போடுவேன், யோசிக்கவே மாட்டேன். அந்தக் காண்ட்ராக்டரின் நம்பரை மட்டும் கேட்காதீர்கள்.

இடுக்கு விடாமல் ஒட்டி உட்கார்ந்திருக்கும் அந்தப் பக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வெயில் ஏறும் மதியத்தில் லாக் கொக்கியில் விழ அடம்பிடிக்கிறது, மாலையில் தானாக விழுகிறது. லாக் விழும் கீப் துண்டைக் கொஞ்சம் நகர்த்திச் சமாளித்தாகிறது. ஃபிரேமைக் கழற்றி ஓரத்தைச் செதுக்கினால்தான் முழுதாகத் தீரும். அதற்கு ஆள் தேட வேண்டும்.