முதல் போர்டு: ஊனோவா, இஎஸ்பி32-ஆ?

எலக்ட்ரானிக்ஸ் பழக வருபவர்கள் பெரும்பாலும் புரோகிராம் ஏற்றி எல்இடி, சென்சார், மோட்டாரை இயக்கும் இந்த இரண்டு சிறு போர்டுகளுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள். ஆர்டுயினோ ஊனோ ஆர்3: 16 மெகாஹெர்ட்ஸ், 2 கேபி ரேம். இஎஸ்பி32: 240 மெகாஹெர்ட்ஸ், 520 கேபி ரேம், கூடவே வைஃபை, புளூடூத். இந்த எண்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எல்இடி மினுக்கவும் சென்சார் படிக்கவும் 2 கேபி தாராளம். வயரை மாற்றிச் செருகினால் போர்டு தாங்குமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

ஊனோ 5 வோல்ட் போர்டு. தூரம் அளக்கும் எச்.சி-எஸ்ஆர்04 (HC-SR04) சென்சாரை அப்படியே மாட்டலாம். இஎஸ்பி32-இன் பின்கள் (வயர் மாட்டும் முனைகள்) தாங்குவது 3.3 வோல்ட், அதே சென்சாரின் எக்கோ பின் (அளவைத் திருப்பி அனுப்பும் முனை) 5 வோல்ட்டை அனுப்பிப் பின்னைக் கெடுத்துவிடலாம். எக்கோவிலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோஓம் போட்டு, இரண்டும் சேரும் இடத்தில் சிக்னலை எடுங்கள், 3.3 வோல்ட் வரும். சிவப்பு எல்இடிக்கு 220 ஓம் ரெசிஸ்டர் போட்டால் ஊனோவில் ஏறக்குறைய 14 மில்லிஆம்பியர், இஎஸ்பி32-இல் 6 மட்டுமே. வெளிச்சம் குறைந்தால் எல்இடியைக் குறை சொல்ல வேண்டாம்.

இஎஸ்பி32-இல் புதியவரை அதிகம் குழப்புவது பின்கள்தான். 34, 35, 36, 39 உள்ளீட்டுக்கு மட்டும். அங்கே எல்இடி எரியாது. 6 முதல் 11 வரை ஃபிளாஷ் மெமரிக்கு உரியவை, தொடவே கூடாது. 12-ஆம் பின்னுக்கு வெளியிலிருந்து வோல்டேஜ் வந்துகொண்டிருந்தால் போர்டு பூட் ஆகாமல் போகும். வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்களில் (அனலாக் அளவைப் படிக்கும் இரண்டு தொகுதிகளில் ஒன்று) அனலாக் அளவு கிடைக்காது. அதற்கு 32 முதல் 35 வரையுள்ள பின்களைப் பயன்படுத்துங்கள். 38 பின் உள்ள இஎஸ்பி32 போர்டுக்கு அகலமும் அதிகம். பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகும் துளைப் பலகை) ஒரு பக்கம் ஜம்பர் வயருக்குத் துளையே மிஞ்சாது. இரண்டு பிரெட்போர்டைச் சேர்த்து வைக்க வேண்டும்.

மோட்டாரை இரண்டிலுமே நேரடியாகப் பின்னில் மாட்டக் கூடாது. ஊனோ பின்னுக்கு 20 மில்லிஆம்பியரே பாதுகாப்பான அளவு. சிறிய மோட்டாருக்குச் சுவிட்சாக 2என்2222 டிரான்சிஸ்டர், போர்டின் பின்னுக்கும் அதன் பேஸ் காலுக்கும் நடுவே 470 ஓம் ரெசிஸ்டர், மோட்டாருக்குக் குறுக்கே 1என்4007 டயோடு (கோடு உள்ள முனை பிளஸ் பக்கம்), தனி பேட்டரி. பேட்டரியின் மைனஸைப் போர்டின் கிரவுண்டோடு சேர்க்க மறந்தால் மோட்டார் ஓடாது.

போர்டைச் செருகியும் கம்ப்யூட்டரில் அதன் போர்ட் (இணைப்பு) தெரியவில்லையா? முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா வயர் இருக்காது. அதற்கும் சரியாகவில்லை என்றால் போர்டின் யுஎஸ்பி சிப்புக்கு ஏற்ப சிஎச்340 அல்லது சிபி2102 டிரைவர் மென்பொருள் தேவைப்படலாம்.

பழகுவதற்கு ஊனோவே நல்லது. சாக்கெட்டில் நிற்கும் ஏடிமெகா328பி சிப் உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். சிப் போனால் பூட்லோடர் (யுஎஸ்பி வழியே புரோகிராம் ஏற்ற உதவும் சிறு மென்பொருள்) ஏற்றிய வேறொன்றைச் செருகிக்கொள்ளலாம். போனிலிருந்து விளக்கை இயக்குவதுதான் உங்கள் முதல் ஆசை என்றால் மட்டும் நேராக இஎஸ்பி32-க்குப் போங்கள். ஊனோவோடு வைஃபை மாட்யூலை ஒட்டவைக்கப் போனால், அங்கும் அதே 3.3 வோல்ட் சிக்கல்தான் வரும்.