டீயா, சீனியா, குளுக்கோஸா? பல் டாக்டரின் நாற்காலியில் சர்க்கரை இறங்கினால்

“சுகர் மாத்திரை போட்டாச்சு டாக்டர், பல்லு வலியில சாப்பிடத்தான் முடியல.” பெரம்பூரில் எங்கள் கிளினிக்கில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. அப்படிச் சொன்ன பெரியவர் ஒருவருக்கு, மரத்துப்போக ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் சட்டை நனைய வியர்த்தது, விரல்கள் நடுங்கின. ஊசி பயம் என்றுதான் நினைத்தேன். குளுக்கோமீட்டர் 58 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே சும்மா இருக்கக் கூடாது.

உதவிக்கு இருந்த பெண் டீ வாங்க மாடிப்படி இறங்கப் போனார். வேண்டாம் என்றேன். மரத்த உதட்டுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். சாக்லேட்டும் சரிவராது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். கூல்ட்ரிங்க்ஸ் 150 மில்லி ஓரளவு போதும், ஆனால் அவசரத்தில் சீனியே இல்லாத டயட் பாட்டில் கைக்கு வந்தால் அதோடு சரி.

உண்மையான போட்டி சீனிக்கும் குளுக்கோஸ் பொடிக்கும்தான். சீனித் தண்ணீர் பெரும்பாலோருக்கு வேலை செய்யும். ஆனால் வோக்ளிபோஸ், அகார்போஸ் என்ற சுகர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்குக் குடலில் சீனி உடைவதையே அந்த மருந்து தடுக்கிறது. குளுக்கோஸ் மட்டும்தான் சீக்கிரம் ஏறும். மாத்திரை பேர் கேட்டால் “அந்த வெள்ளை மாத்திரை” என்பார்கள். அதனால் எல்லோருக்கும் குளுக்கோஸ்தான் என்று முடிவு செய்துவிட்டேன். 15 கிராம் அளந்து சின்ன டப்பாக்களில் போட்டு வைத்திருக்கிறோம்; அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி, வாயிலுள்ள பஞ்சை எடுத்துவிட்டு, நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுத்தோம். 15 நிமிடம் கழித்துப் பார்த்தால் 84. அப்புறம் இட்லி. கிளைமிப்பிரைடு என்ற சுகர் மாத்திரை போட்டவருக்குச் சர்க்கரை திரும்பவும் இறங்கலாம் என்பதால் மகன் வரும்வரை அனுப்பவில்லை. பல்லை வேறொரு நாள் பிடுங்கினேன்.

நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, புரை ஏறும். அப்போது இரண்டே வழி. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் கரைசல், 100 மில்லி நரம்பில் ஏற்றினால் சில நிமிடங்களில் கண் திறப்பார். ஆனால் வியர்த்துச் சில்லிட்ட கையில் நரம்பு கிடைக்க வேண்டுமே! இன்னொன்று சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன் ஊசியான குளுக்ககான்; 1 மில்லிகிராம் தசையில் போட்டால் போதும், யாரும் போடலாம். விலைதான் அதிகம், எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது. வேலை செய்ய 10, 15 நிமிடம் ஆகும், பட்டினி கிடந்தவருக்குச் சரியாகப் பிடிக்காது, வாந்தியும் வரும். நரம்பு போடப் பழகிய கை இருப்பதால் நான் டெக்ஸ்ட்ரோஸ் வைத்திருக்கிறேன். பழக்கமில்லாத கிளினிக்கில் குளுக்ககானே மேல். எதுவானாலும் 108-க்கு முதலில் போன். சாயங்கால நெரிசலில் ஆம்புலன்ஸ் மேம்பாலம் தாண்டி வர வேண்டும்.