ஸ்பீக்கரில் ஹம்: எர்த்தை வெட்டுவதா, குழி தோண்டுவதா, டிரான்ஸ்ஃபார்மர் போடுவதா?

கடலூர் ஓ.டி. பக்கமோ புதுச்சேரி கடற்கரையை ஒட்டிய மண்டபங்களிலோ ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்று இரைந்தால், பழி முதலில் எர்த் குழி மேல்தான் விழும். உப்புக்காற்றில் ஜி.ஐ. பைப் கிளாம்ப் துருப்பிடிப்பது உண்மைதான். ஆனால் ஹம் பெரும்பாலும் எர்த் குறைவதால் வருவதில்லை, இரண்டு வழியாக எர்த் ஆவதால் வருகிறது. மேடையில் மிக்ஸர் ஒரு பிளக்கில், பின்சுவர் ஓரம் ஆம்ப் வேறொன்றில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எர்த்துக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே இரண்டையும் இணைக்கும் ஆர்.சி.ஏ. வயரின் ஷீல்டில் (சிக்னல் கம்பியைச் சுற்றியுள்ள உலோக வலையில்) 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடும். சிக்னல் திரும்புவதும் அதே ஷீல்டில்தான், அதனால் அந்த இரைச்சல் பாட்டோடு கலந்துவிடுகிறது.

முதலில் ஆம்பை ஆஃப் செய்து இன்புட் வயரை முழுக்கக் கழற்றி, மறுபடி ஆன் செய்து கேளுங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு ஆம்புக்குள். ஃபில்டர் கப்பாசிட்டரைச் சந்தேகப்படலாம். லேப்டாப்பில் பாட்டு என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், ஹம் நின்றால் அது சார்ஜர் வழியாகத்தான் வருகிறது.

எர்த் பின்னை ஒடிப்பது மைக் செட்காரர்களின் செல்ல வைத்தியம். காசு செலவில்லை, ஹம்மும் சட்டென்று நிற்கும். ஆனால் ஆம்ப் பாடியில் ஃபேஸ் (கரண்ட் வரும் கம்பி) தொட்டுவிட்டால் ஃபியூஸ் போகாது. ஷீல்டு வழியே மைக் வரை கரண்ட் வரும். ஈரப் பந்தலில் மைக்கைப் பிடிப்பவர் கதி? இதைத் தேர்வுப் பட்டியலிலேயே சேர்க்கக் கூடாது.

ஆடியோவுக்கென்று தனிக் குழி போட்டால் கரி, உப்பு, கூலி என்று காசும் போகும், ஹம்மும் அதிகமாகும். வீட்டு எர்த்தோடு சேர்க்காத குழி இன்னொரு வித்தியாசத்தைத்தான் உண்டாக்குகிறது. துருப்பிடித்த கிளாம்பை மாற்றுங்கள், அது உயிருக்காக, ஹம்முக்காக அல்ல.

நான் முதலில் செய்யச் சொல்வது ஒரே பாயின்ட். 2.5 ஸ்கொயர் எம்.எம். மூன்று கோர் கேபிளில், 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து மிக்ஸர், கீபோர்டு, லேப்டாப், ஆம்ப் எல்லாவற்றையும் அதிலேயே மாட்டுங்கள். லோடு தாங்கினால் பாதிப் பிரச்சினை இதிலேயே ஓடிவிடும். சிக்னல் வயரும் பவர் வயரும் ஒட்டி ஓட வேண்டாம், குறுக்கே கடந்தால் போதும்.

ஆம்ப் லோடு பெரிது, ஒரே பாயின்ட் முடியாது என்றால் சிக்னலை மட்டும் கடத்தும் 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், அல்லது கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் (பிளக்கின் எர்த்தை விட்டுவிட்டு, சிக்னல் வயரின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிப்பது) உள்ள டி.ஐ. பாக்ஸ், அதாவது சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி. லேப்டாப்புக்கு இரண்டாவதுதான் நல்லது. மட்டமான டிரான்ஸ்ஃபார்மரில் தவில், கிக் டிரம்மின் அடித்தொனி மெலிந்துவிடும்.

இரு பக்கமும் பேலன்ஸ்டு (சிக்னலுக்கு இரண்டு கம்பி, ஷீல்டு தனி) என்றால் எக்ஸ்.எல்.ஆர். வயரில், ஆம்ப் முனையில் மட்டும் ஷீல்டு சேரும் 1-ஆம் பின்னைத் துண்டித்தால் போதும். அந்த வயரில் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள். கண்டென்சர் மைக்குக்குத் தவறி மாட்டினால் அது வேலை செய்ய மிக்ஸர் அனுப்பும் 48 வோல்ட் போய்ச் சேராது, மைக் ஊமையாகிவிடும்.