குழந்தையின் தழும்பு: சிலிகான் பட்டையா, அறுவை சிகிச்சையா?

கன்னத்தில் தையல் பிரித்த இடம் சிவந்து தடித்து நிற்பதைப் பார்த்தால், உடனே சரிசெய்துவிடத்தான் பெற்ற மனம் துடிக்கும். ஆனால் தழும்பு அடங்கி முதிர 12 முதல் 18 மாதம்வரை ஆகும். குழந்தைகளுக்குச் சிவப்பு அதற்கு மேலும் நீடிப்பதுண்டு.

தழும்பு முதிரும்வரை ஏற்றது, அதன் மேல் ஒட்டும் மெல்லிய சிலிகான் பட்டை. காயம் முழுக்க ஆறிய பிறகு ஒட்டி, தினமும் 12 மணி நேரமாவது, 2, 3 மாதம் வைத்திருக்க வேண்டும். வலி கிடையாது. சின்னக் கை சும்மா இருக்காது, பிய்த்துப் போடும். தூங்கும் நேரம்தான் கைகொடுக்கும். தடிப்பும் அரிப்பும் குறையலாம், அகலம் குறையாது.

அகலத்துக்கு அறுவை சிகிச்சைதான். பழைய தழும்பை வெட்டியெடுத்து மெல்லிய கோடாகத் தைப்பார்கள். அல்லது 'இசட்' வடிவில் வெட்டித் தோலின் இழுப்பைத் தளர்த்துவார்கள். தழும்பு மறைந்துவிடாது, பார்வைக்கு மேம்படும். சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் ஆறும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

வெறும் தோற்றம்தான் கவலை என்றால், பிள்ளை தானே கேட்கும் வயதுவரைகூடக் காத்திருக்கலாம் என்பேன். ஆனால் தீக்காயத் தழும்பு விரலை நீட்டவிடாமல் மடக்கிப் பிடித்தாலோ, இமையை மூடவிடாமல் இழுத்தாலோ, பட்டையை நம்பி நாள் கடத்தவே கூடாது. எலும்பு வளரும் வேகத்துக்கு அந்தத் தழும்பு நீளாது.