மாஸி 1035-க்கு வாங்கிய 30-0-30 ஆம்ப் மீட்டர்: 5-க்கு மூன்றரை மதிப்பெண்

எங்கள் வண்டி மாஸி பெர்குசன் 1035 டிராக்டர். சிம்சன் எஞ்சின், பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் பழைய டைனமோ, அதைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்-அவுட் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பேட்டரிக்குள் கரண்டு போகிறதா, வெளியே வருகிறதா என்று காட்டும் டேஷ்போர்டு ஆம்ப் மீட்டர் மட்டும் முள் நடுவில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. டீசல் எஞ்சின் ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்குக் கரண்டு தேவையில்லை. அதனால்தான் இந்த மீட்டரை யாரும் கண்டுகொள்வதில்லை. டைனமோ சார்ஜ் கொடுக்கிறதா இல்லையா என்பது, மறுநாள் காலையில் செல்ஃப் எடுக்காதபோதுதான் தெரியவரும். அப்புறம் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டும்.

தஞ்சாவூரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது மீட்டர் 380 ரூபாய்க்குக் கிடைத்தது. 30-0-30 என்றால் நடுவில் பூஜ்யம், பிளஸ் பக்கமும் மைனஸ் பக்கமும் 30 ஆம்ப்ஸ் வரை காட்டும். கம்பெனி பெயர் எதுவும் இல்லாத வெள்ளை அட்டைப்பெட்டி. பழைய மீட்டர் இருந்த ஓட்டையிலேயே சரியாக உட்கார்ந்தது; ரம்பம், அரம் எதுவும் எடுக்கவில்லை. அந்த வகையில் நிம்மதி.

பின்பக்கத்தைப் பார்த்தால்தான் விலை ஏன் குறைவு என்று புரிகிறது. இரண்டு பித்தளை போல்ட், அவற்றைத் தகட்டுப் பட்டையிலிருந்து பிரிக்க ஃபைபர் வாஷர். அந்த வாஷர் அப்பளம் மாதிரி இருக்கிறது, நட்டை இறுக்கினால் விளிம்பு பொடிகிறது. இதைச் சாதாரணமாக விட முடியாது. எங்கள் வண்டியில் பேட்டரியிலிருந்து இந்த மீட்டருக்கு வரும் ஒயரில் ஃப்யூஸ் கிடையாது. போல்ட் பாடியில் தொட்டால் ஒயர் பழுத்துப் புகைந்துவிடும். நான் பழைய மீட்டரின் கெட்டியான வாஷர்களையே கழற்றிப் போட்டு, மேலே ரப்பர் ஸ்லீவும் மாட்டினேன்.

கூடவே ஒரு முழம் மெல்லிய ஒயரும் தருகிறார்கள். அதை வீட்டில் காலிங் பெல்லுக்கு வைத்துக்கொள்ளலாம். செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்டு தனித் தடித்த கேபிளில் நேராகப் போய்விடுகிறது; மற்றபடி பேட்டரிக்குள் போவதும் வருவதும் எல்லாம் இந்த மீட்டருக்குள் நுழைந்துதான் போக வேண்டும். 6 ஸ்கொயர் எம்.எம். ஒயர் வாங்கி, முனையில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) வைத்து நன்றாக அழுத்திப் பிடித்தேன்.

ஒயரிங் என்று பார்த்தால் இரண்டே இணைப்பு. முதலில் பேட்டரியிலிருந்து வண்டியின் பாடிக்குப் போகும் எர்த் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். செல்ஃப் மோட்டாரில் பேட்டரி கேபிள் வந்து சேரும் போல்ட்டிலிருந்து ஒரு ஒயர் மீட்டரின் ஒரு பக்கத்துக்கு. கட்-அவுட், சாவி, லைட் எல்லாம் சேரும் ஒயர் மறுபக்கத்துக்கு. எஞ்சினை அணைத்து வைத்து லைட்டைப் போட்டால் முள் மைனஸ் பக்கம் சாய வேண்டும். பிளஸ் பக்கம் போனால் பயப்பட ஒன்றுமில்லை, எர்த்தைக் கழற்றி இரண்டு ஒயரையும் இடம் மாற்றினால் போதும். பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் சேரும் பாசிட்டிவ் எர்த் பழைய வண்டிகளுக்கும் இதே வழிதான்.

மீட்டர் உண்மை சொல்கிறதா என்று பார்க்கவும் அதே லைட்தான். 45 வாட் பல்பு இரண்டு, 12 வோல்ட். கணக்குப்படி ஏழரை ஆம்ப்ஸ். முள் பூஜ்யத்துக்கும் 10-க்கும் நடுவே முக்கால் தூரத்தில் நின்றது. 380 ரூபாய்க்கு இதைவிட என்ன வேண்டும்? எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் பிளஸ் பக்கம் ஏறி, பேட்டரி நிறைய நிறைய மெல்ல இறங்கி வந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஸ்லோவில் ஓடும்போது முள் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டினால்தான் படிக்க முடிகிறது. உள்ளே விளக்கு கிடையாது, ராத்திரி உழவில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி ஓரத்தில் ரப்பர் வளையமும் இல்லை. வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது பாலிதீன் பை கட்டிவிடுகிறேன்.

பக்கத்து வயல் பெரியப்பா தன் 1035-க்கும் இதையே வாங்கித் தரச் சொன்னார். அவர் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறார். டைனமோ என்றால் 20 ஆம்ப்ஸ் சொச்சம்தான் தரும், ஆல்டர்னேட்டர் 30-ஐத் தாண்டிப் போகும். "உங்கள் வண்டிக்கு இது வேண்டாம் பெரியப்பா, 60-0-60 கிடைத்தால் பாருங்கள், இல்லையென்றால் ஒரு வோல்ட் மீட்டர் போடுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.