நோத்ர தாம் மறுபடி திறந்த பிறகு: போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்துக்குள் போக டிக்கெட் கிடையாது, காசும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லக் காரணம், நுழைவுச்சீட்டு என்று பணம் பிடுங்கும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. பேராலயத்தின் சொந்தத் தளத்தில் இலவசமாக நேரம் பதியலாம். ஆனால் அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளுக்கும்தான் பதிவு திறந்திருக்கும். ஒரு மாதம் முன்பே தேடுகிறவர்களுக்கு ஒன்றும் காட்டாது. இடமே இல்லை போலிருக்கிறது என்று பதறி மற்ற தளங்களில் போய் ஏமாறுவது அப்படித்தான். பதிவு கட்டாயமே இல்லை. முற்றத்தில் பதிந்தவர்களுக்கு ஒரு வரிசை, பதியாதவர்களுக்கு ஒரு வரிசை. இரண்டாவது நீளமாகத் தெரிந்தாலும் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். பயணப்பெட்டியோடு மட்டும் போகாதீர்கள்: உள்ளே விடமாட்டார்கள், வைத்துவிட்டுப் போகவும் அங்கே இடமில்லை.

பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் பக்கம் தங்கியிருக்கும் நம்மவர்களுக்கு வழி மிகச் சுலபம். கார் து நோர் ரயில் நிலையம் வரை நடந்து 4ஆம் எண் மெட்ரோவில் தெற்கே போனால் எட்டாவது நிறுத்தம் சித்தே, பேராலயம் அதன் பக்கத்தில்தான்.

2019 ஏப்ரல் 15 மாலை பிடித்த தீயில் கூரையின் பழைய ஓக் மரச்சட்டம் முழுக்க எரிந்தது. ஊசிக்கோபுரம் கல் வளைவைத் துளைத்துக்கொண்டு விழுந்தது. 2024 டிசம்பர் 7 அன்றுதான் கதவு மறுபடி திறந்தது. மறுநாள் ஞாயிறு, புதிய பீடத்தை அபிஷேகம் செய்து திருப்பலி நிறைவேற்றினார்கள். இடையில் ஐந்தரை ஆண்டுக்கு மேல். முதல் இரண்டு ஆண்டு கட்டுவதில் போகவில்லை, இருப்பது விழாமல் தாங்குவதிலேயே போனது. தீக்கு முன் ஊசிக்கோபுரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த இரும்புச் சாரம் வெப்பத்தில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டடத்தின் தலைமேல் தொங்கியது. சுமார் 40,000 துண்டுகள். எதையாவது தவறாக வெட்டினால் சுவரையும் இழுத்துக்கொண்டு சரியும். அதோடு கூரைத் தகடாக இருந்த ஈயம் தூளாகி உள்ளே எல்லாவற்றிலும் படிந்திருந்தது.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் வெளிச்சம் அந்த ஈயத்தை எடுத்ததில் வந்தது. சுவர்களில் லேட்டக்ஸ் பசையைப் பூசி, காய்ந்ததும் ஒட்டுப்பாலை உரிப்பதுபோல உரித்தார்கள். ஈயத்தூள், புகைக்கரி, பல தலைமுறை மெழுகுவர்த்திப் புகை எல்லாம் அந்தத் தோலோடு வந்துவிட்டது. இப்போது கல் இளமஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்கிறது. பழைய இருட்டில்தான் பக்தி இருந்தது என்று வருந்துகிறவர்கள் உண்டு. அந்த இருட்டு அழுக்கு. கட்டியவர்கள் வைத்த நிறம் இதுதான். எங்கள் பார்வையில் இந்தச் சீரமைப்பின் பெரிய பேறு இந்தச் சுவர்களே.

மரவேலையும் அதே தரம். சுமார் 2,000 ஓக் மரங்கள். உத்தரங்கள் பலவற்றை ரம்பத்தில் அறுக்காமல் கோடாலியால் செதுக்கினார்கள். ரம்பம் நேர்கோட்டில் போய் நார் ஓட்டத்தை வெட்டிவிடும். கோடாலி அந்த ஓட்டத்தோடு போகும், கட்டையின் பலம் குறையாது. கீழிருந்து பார்த்தால் கல் வளைவு மறைத்துவிடும், ஒரு கட்டைகூடத் தெரியாது. தெரியாத இடத்திலும் அப்படி வேலை செய்திருக்கிறார்கள். முன்பு இல்லாத நீர்ப்பனி தெளிக்கும் குழாய்களும் தீ பரவாமல் தடுக்கும் குறுக்குத் தடுப்புகளும் இப்போது கூரைக்குள் இருக்கின்றன.

குழாய்களில் காற்றுச் செலுத்தி வாசிக்கும் பெரிய ஆர்கன் தீயில் தப்பியது, தூசியில் தப்பவில்லை. ஏறக்குறைய 8,000 குழாய்கள். கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு சுருதி சேர்க்கவே ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது. பகலில் தச்சர் சத்தத்தில் காது கேட்காது என்பதால் இரவில் செய்தார்கள். ஞாயிறு 10 மணி திருப்பலிக்குப் போனால் கிரகோரியன் பாடல் என்னும் பழைய லத்தீன் வழிபாட்டுப் பாடலையும் இந்த ஆர்கனையும் சேர்த்தே கேட்கலாம்.

குறையும் உண்டு. திருப்பலி நடக்கும்போதும் பார்வையாளர் ஓட்டம் பக்கவழிகளில் நிற்பதில்லை. பின்வரிசையில் உட்கார்ந்தால் வாசகம் காதில் விழாது, காலடிச் சத்தம்தான் விழும். ஜெபிக்கப் போகிறவர்கள் வார நாளில் காலை 8 மணிப் பூசைக்குப் போவது நல்லது. அதுவும் கதவு திறந்ததுமே போய் நடுவில், முன்பக்க நாற்காலியில் உட்காருங்கள். சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் வியாழன் இரவு: அன்று 10 மணிவரை திறந்திருக்கும்.

இன்னொரு மனத்தாங்கல், தெற்குப் பக்கச் சிற்றாலயங்களில் தீயில் சேதமே ஆகாத 19ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டுப் புதியவை வைக்க எடுத்த முடிவு. எரிந்ததை இருந்தபடியே கட்டிவிட்டு, எரியாததை மாற்றுவது சரியாகப் படவில்லை.

முகப்பிலுள்ள இரட்டைக் கோபுரம் ஏறுவது தனி. 2025 செப்டம்பரில் திறந்தார்கள். 424 படி, 16 யூரோ, இதற்கு மட்டும் முன்பதிவு கட்டாயம். முட்டிவலிக்காரர்கள் தவிர்க்கலாம்.

உள்ளே வடக்குப் பக்கமாகப் போய்ப் பீடத்தைச் சுற்றித் தெற்குப் பக்கமாகத் திரும்ப வேண்டும். திரும்பும்போது, பீடத்துக்கு வலப்புறத் தூணருகே குழந்தையை ஏந்திய 14ஆம் நூற்றாண்டு மாதா சுரூபம் இருக்கிறது. கூரை இடிந்து விழுந்த இடத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் மாதா உடையாமல் நின்றார். பலரும் வாசலைப் பார்த்தபடி அந்த இடத்தைக் கடந்துவிடுகிறார்கள். அங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள்.